சக்கரத்தின் குடத்துக்கு ஆதி ஜெர்மானியர் வைத்த பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: "வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கு ஆதி ஜெர்மானிய மொழியில் 'நபோ' என்று ஒரு சொல் இருந்ததாகப் படித்தேன். எழுத்தே இல்லாத மொழியில் அப்படியொரு சொல் இருந்தது எப்படித் தெரியும்? நம் காதில் விழும் 'நாபி'க்கும் அதற்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றால், ஆங்கிலத்தில் ஏன் 'ஹப்' என்கிறார்கள்?"

நாபிக்கும் நபோவுக்கும் தொடர்பு உண்டு. ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கவில்லை. இரண்டும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள். ஆனால் பெரும்பாலான அகராதிகள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறு: ஜெர்மானிய மொழி அந்தப் பழைய சொல்லை எடுத்து, உடம்புக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது. அப்புறம், அந்தச் சொல் உண்மையிலேயே இருந்தது என்பதற்கு மிக நல்ல சாட்சி சக்கரம் இல்லை, தச்சன் கையில் இருந்த ஒரு துளைக்கருவி.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் உருண்டையாக, இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நிற்கும் மரக்கட்டைதான் குடம். அதன் நடுத்துளையில் அச்சு நுழைகிறது. ஆரக்கால்கள் எல்லாம் அதன் வயிற்றில் செருகியிருக்கும். வெளிச்சுற்றில் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. குடம் கழன்று ஓடிவிடாமல் அச்சின் நுனியில் கடையாணி. சக்கரத்திலேயே அதிகம் அடிபடும் உறுப்பு குடம்தான். எடை முழுவதும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது, உராய்வும் அங்கேதான்.

இனி, எழுதாத மொழியின் சொல் எப்படிக் கிடைக்கிறது என்பது. ஆதி ஜெர்மானியம் என்பது ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் எல்லாவற்றுக்கும் தாயான மொழி, கி.மு. 500 வாக்கில் தெற்கு ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் பேசப்பட்டிருக்க வேண்டிய மொழி. அதில் ஒரு வரிகூட எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை. ஜெர்மானியரின் பழைய எழுத்தான ரூனில் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும் மிகப் பழையவற்றில் ஒன்றான டென்மார்க்கின் விமோசே சீப்பே கி.பி. 160 வாக்கைச் சேர்ந்தது. ஆகவே புத்தகங்களில் இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். 'நேரில் பார்த்ததில்லை, ஒப்பிட்டு மீட்டெடுத்தது' என்று அதற்கு அர்த்தம். நான் இங்கே நட்சத்திரத்தை விட்டுவிடுகிறேன். இன்னொன்று: நபோவில் உள்ள 'ப'வை 'கம்பு' என்பதில் வரும் ப போல மென்மையாக ஒலித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.

மகள் மொழிகளில் கிடைப்பவை இவை. பழைய ஆங்கிலத்தில் 'நஃபு'. எழுத்தில்தான் ஃப, வாயில் வ. பழைய உயர் ஜெர்மனிலும் பழைய சாக்சனிலும் 'நப'. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் 'நொவ்'. இன்றைய ஜெர்மனில் 'நாபெ', டச்சில் 'நாஃப்', சுவீடிஷில் 'நாவ்'. எல்லாவற்றுக்கும் பொருள் சக்கரத்தின் குடம்தான்.

பார்வைக்கு இவை கொஞ்சம் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். ஆனால் கலைந்திருப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஜெர்மனில் ப இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் வ வருவது சகஜம்: கொடுப்பதற்கு அங்கே 'கேபென்', இங்கே 'கிவ்', ஏழுக்கு அங்கே 'ஸீபென்', இங்கே 'செவன்', அன்புக்கு அங்கே 'லீபெ', இங்கே 'லவ்'. ஆகவே நாபெயும் நஃபுவும் ஒன்றுதான் என்பதில் சிக்கல் இல்லை.

கடைசி உயிரெழுத்துதான் நுட்பமான இடம். பழைய ஆங்கிலத்தில் உகரம், உயர் ஜெர்மனில் அகரம், நார்ஸில் ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க ஓகாரம் எங்கிருந்து வந்தது? இதே அச்சில் வார்த்த இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். கொடை, பரிசு என்பதற்கு ஆதி ஜெர்மானியத்தில் 'கெபோ'. அது பழைய ஆங்கிலத்தில் 'கிஃபு' என்று உகரத்தில் முடிகிறது, உயர் ஜெர்மனில் 'கெப' என்று அகரத்தில் முடிகிறது, நார்ஸில் 'கியொவ்' என்று மொட்டையாக நிற்கிறது. அச்சு அசலாக நம் சொல்லின் கதைதான். கெபோவுக்குக் கூடுதலாக, மறைந்துபோன இன்னொரு ஜெர்மானிய மொழியான கோதிக்கில் 'கிப' என்ற வடிவமும் கிடைக்கிறது. நான்கையும் வைத்துப் பார்த்தால் மூலத்தில் நெடில் ஓகாரம் என்பது தவிர வேறு விடை பொருந்தாது.

நார்ஸ் வடிவத்தில் ஒரு அழகு இருக்கிறது. இறுதியில் இருந்த உகரம் காணாமல் போவதற்கு முன்னால் முதல் அகரத்தைத் தொட்டு, உதடு குவித்து, ஒகரம் போல ஆக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது. 'நவ்' என்று நிற்க வேண்டியது 'நொவ்' என்று நிற்பதே, அங்கே ஒரு உகரம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

கோதிக்கில் குடத்துக்கான சொல் கிடைக்கவில்லை. அதைப் பெரிய ஓட்டையாக நினைக்க வேண்டாம். நமக்குக் கிடைத்திருக்கும் கோதிக் பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த பைபிளின் மிச்சம். அந்த மிச்சத்தில் வண்டித் தச்சனுக்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் துளைக்கருவி. குடம் செய்வதில் கஷ்டமான வேலை நடுத்துளை போடுவது. ஆரக்கால்களுக்கு உளியால் குழி எடுத்துவிடலாம். ஆனால் அச்சு நுழைவதற்குக் கட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நேராக, ஒரு பக்கம் விலகாமல் துளைக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சக்கரம் ஆட்டம் போடும். அதற்கென்றே நீளமான, கனமான ஒரு துரப்பணம் வேண்டும். ஆதி ஜெர்மானியர் அதற்கு வைத்த பெயர் 'நபகைஸஸ்'. நப என்றால் குடம், கைஸஸ் என்றால் ஈட்டி. குடத்து ஈட்டி!

இது பழைய ஆங்கிலத்தில் 'நஃபுகார்', பழைய உயர் ஜெர்மனில் 'நபகேர்', பழைய சாக்சனில் 'நபுகேர்', நார்ஸில் தேய்ந்து 'நவர்'. பின்பாதியில் உள்ள 'கார்', 'கேர்' எல்லாம் அந்தப் பழைய ஈட்டிதான். எட்கர் என்ற பெயரின் வாலில் அது இருக்கிறது, கெர்ஹார்ட் என்ற பெயரின் தலையில் இருக்கிறது. பூண்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கார்லிக்'கின் முன்பாதியும் அதுவே: ஈட்டி போன்ற இலையுடைய வெங்காய இனம்.

இந்தக் கூட்டுச்சொல் ஏன் முக்கியம் என்றால், 'நபோ' என்ற தனிச்சொல்லை ஒவ்வொரு மொழியும் தனித்தனியாகத் தொப்புள் என்ற பொருளிலிருந்து குடத்துக்கு இழுத்துக்கொண்டது என்று ஒருவர் வாதாட இடம் உண்டு. ஆனால் குடம், ஈட்டி என்ற இரண்டையும் சேர்த்துத் துரப்பணத்துக்குப் பெயர் வைக்கும் யோசனை வடக்கிலும் மேற்கிலும் நான்கு மொழிகளுக்குத் தற்செயலாகத் தோன்றியிருக்காது. ஆக, இவர்கள் பிரிவதற்கு முன்பே நபோ என்றால் குடம். அதைத் துளைக்கத் தனிக் கருவி. அந்தக் கருவிக்குத் தனிப்பெயர். ஒரு தச்சுப்பட்டறையே கண்ணில் தெரிகிறது.

மத்தியகால ஆங்கிலத்தில் அந்த 'நஃபுகார்' 'நாகர்' என்று சுருங்கியது. 'ஒரு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'எ', உயிரெழுத்துக்கு முன்னால் 'அன்'. 'எ நாகர்' என்று சொல்லிச் சொல்லி, அந்த ந் முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ள, 'அன் ஆகர்' ஆகிவிட்டது. 'நாப்ரன்' ஆப்ரன் ஆனதும் இதே வழியில்தான். டச்சுக்காரர்களும் தங்கள் பங்குக்கு ந்-ஐத் தொலைத்து 'ஆவகார்' என்கிறார்கள். மரக்கன்று நடக் குழி தோண்டுவதற்கு இப்போது நம் ஊர்த் தோட்டங்களில் 'எர்த் ஆகர்' இயந்திரம் வந்திருக்கிறது இல்லையா, அந்த ஆகர் இதுதான். குடமும் போய், ஈட்டியும் போய், துளைப்பது மட்டும் மிச்சம். நார்ஸ் கதையில் ஓடின் தெய்வம் கவிமதுவைத் திருடப் போகும்போது மலையையே ஒரு நவர் கொண்டு துளைக்க வைப்பார். வண்டித் தச்சனின் கருவிக்கு அதைவிடப் பெரிய வேலை கிடைத்திருக்காது.

பின்லாந்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. பின்னிஷ் மொழி ஜெர்மானியக் குடும்பமே இல்லை, சம்ஸ்கிருதம் முதல் ஆங்கிலம் வரை அடங்கும் இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பமும் இல்லை. ஆனால் பழங்காலத்தில் ஜெர்மானிய அண்டைவீட்டாரிடமிருந்து நூற்றுக்கணக்கான சொற்களை வாங்கி, அவற்றை ஊறுகாய் போட்டதுபோல் கெடாமல் வைத்திருக்கிறது. அரசனுக்கு அங்கே இன்றும் 'குனிங்கஸ்'. ஆதி ஜெர்மானியத்தில் இருந்திருக்க வேண்டிய முழு வடிவத்துக்கு அவ்வளவு பக்கம். ஆங்கிலத்தில் அதே சொல் 'கிங்' என்று தேய்ந்துவிட்டது. அந்தப் பின்னிஷில் பெரிய துரப்பணத்துக்கு 'நபகைரா' என்று பெயர். 'நபா' என்று தனியாகவும் ஒரு சொல் உண்டு. தொப்புள், சக்கரக் குடம், பூமியின் துருவம் மூன்றுக்கும் அதுவே. அதுவும் ஜெர்மானியத்திலிருந்து போனது என்பதுதான் பொதுவான கருத்து. வட துருவத்தை அவர்கள் சொல்வது வடக்குத் தொப்புள் என்றுதான், அல்லது வடக்குக் குடம். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நபோ எங்கிருந்து வந்தது?

அந்தப் பெருங்குடும்பத்தின் மூலமொழியான ஆதி இந்தோ-ஐரோப்பியத்தில் தொப்புளைக் குறித்த ஒரு வேர் இருந்தது. அதன் வழி வந்தவை: சம்ஸ்கிருத 'நாபி', பாரசீக 'நாஃப்', லாட்விய 'நபா', கிரேக்க 'ஒம்ஃபலோஸ்', லத்தீன் 'உம்பிலிகுஸ்', பழைய ஐரிஷ் 'இம்ப்லியு'. பிரசவ வார்டில் சொல்லும் 'அம்பிலிக்கல் கார்டு' அந்த லத்தீனிலிருந்து வந்தது.

ஒலிகள் ஒத்துப்போவதைச் சரிபார்க்கலாம். சம்ஸ்கிருதத்தில் மூச்சோடு சேர்ந்த ப (சகோதரனுக்கு 'ப்ராதர்' என்பதன் முதல் எழுத்து) வரும் இடத்தில் ஜெர்மானியத்தில் மூச்சு விடாத மெல்லிய ப வரும்; ஆங்கில 'பிரதர்' அப்படி வந்ததுதான். அதே இடத்தில் கிரேக்கத்தில் ஃப, லத்தீனில் சொல்லுக்கு நடுவில் என்றால் ப. நாபி, நபோ, ஒம்ஃபலோஸ், உம்பிலிகுஸ் நான்கும் இந்தக் கணக்குக்கு இம்மி பிசகாமல் உட்காருகின்றன. ஜெர்மானியத்தில் உள்ள குறில் அகரமும் சரி: மூலமொழியின் ஒகரம் அங்கே எப்போதும் அகரமாகத்தான் மாறும்.

ஒரு பக்கம் 'நப்' என்று தொடங்க, இன்னொரு பக்கம் 'ஒம்ப்', 'உம்ப்' என்று தொடங்குகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னால் ஒரு தொண்டை ஒலி இருந்தது, அது சில மொழிகளில் உயிரெழுத்தாக மாறியது, சிலவற்றில் சுவடில்லாமல் அழிந்தது என்பது இன்றைய விளக்கம். இப்படிப்பட்ட மறைந்த ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று 1879இல் வெறும் கணக்குப் போட்டுச் சொன்னவர் சுவிஸ் மொழியியலாளர் சொசூர், அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. 1927இல் போலந்து மொழியியலாளர் குரிலோவிச், இன்றைய துருக்கியில் பழங்காலத்தில் பேசப்பட்ட ஹிட்டைட் மொழியில் அவற்றில் சிலது எழுத்திலேயே இருப்பதைக் காட்டினார். நம் சொல்லுக்கு ஹிட்டைட் சாட்சி வேண்டியதில்லை, ஆனால் விளக்கம் அந்த வழியில் வந்ததுதான்.

உடம்பா வண்டியா, எது முந்தியது என்பதில் சண்டைக்கு இடமில்லை. தொப்புள் என்ற பொருள் இந்தக் குடும்பத்தின் பல கிளைகளிலும் பரவிக் கிடக்கிறது. குடம் என்ற பொருள் சம்ஸ்கிருதம், பழைய பிரஷ்யன், ஜெர்மானியம் ஆகியவற்றில்தான் நன்றாகத் தெரிகிறது. தொப்புள் எல்லா மனிதருக்கும் எப்போதும் இருந்தது, சக்கரம் கி.மு. நான்காம் ஆயிரத்தில்தான் வந்தது. உடம்பிலிருந்துதான் வண்டிக்குப் போயிருக்க முடியும்.

ஜெர்மானியத்தின் தனித்தன்மை இங்கே வருகிறது. சம்ஸ்கிருதத்தில் நாபி என்ற ஒரே சொல் ரிக் வேத காலத்திலிருந்தே இரண்டு வேலையும் பார்க்கிறது. தொப்புளும் அதுவே, தேர்ச்சக்கரத்தின் நடுவும் அதுவே. உபநிடதங்களில் 'ரதநாபி' என்று வருவது ஆரங்கள் பொருந்தும் குடத்தைத்தான். ஜெர்மானியர் அப்படி விடவில்லை. மொட்டைச் சொல்லான நபோவை முழுவதுமாக வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். உடம்புக்கு லகர விகுதி சேர்த்து 'நபலோ' என்று தனிச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'நஃபெலா', இன்று 'நேவல்', ஜெர்மனில் 'நாபெல்', நார்ஸில் 'நஃப்லி'. இந்த லகரம் இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஒம்ஃபலோஸ், உம்பிலிகுஸ், இம்ப்லியு மூன்றிலும் அது இருக்கிறது. ஐரோப்பியக் கிளைகள் பலவற்றில் தொப்புளுக்கு லகர வடிவம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்திருக்கிறது. மொட்டை வடிவம் கைக்கு வேலையில்லாமல் நின்றது, சக்கரம் வந்து அதை எடுத்துக்கொண்டது என்று நான் படிக்கிறேன்.

மொட்டை வடிவத்துக்கும் ஒருகாலத்தில் உடம்புப் பொருள் இருந்தது என்பதற்குப் பால்டிக் கரையில் ஆதாரம் இருக்கிறது. லாட்விய 'நபா'வை முன்னே சொன்னேன். மூலத்தின் நெடில் ஆகாரம் ஜெர்மானியத்தில் ஓகாரமாக மாறும் என்பதால், லாட்விய நபாவும் ஜெர்மானிய நபோவும் வடிவத்தில் கிட்டத்தட்ட ஒரே சொல். ஒன்றுக்குத் தொப்புள் என்று பொருள், இன்னொன்றுக்குக் குடம் என்று பொருள்.

அந்தப் பக்கத்திலேயே பழைய பிரஷ்யன் என்று ஒரு மொழி இருந்தது, இப்போது இல்லை. ஜெர்மன் வீரத்துறவிகளின் ஆட்சியில் எழுதப்பட்ட எல்பிங் சொற்பட்டியல் என்ற 802 சொல் கொண்ட ஏடுதான் அதன் முக்கியமான மிச்சம்; நமக்கு வந்த பிரதி 1400 வாக்கில் எடுத்தது. அதில் வண்டி உறுப்புகள் வரிசையாக வருகின்றன. குடத்துக்கு 'நபிஸ்', தொப்புளுக்கும் 'நபிஸ்'. இதைக் கொண்டு குடம் என்ற பொருளும் மூலமொழிக் காலத்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் கொஞ்சம் தயங்குவேன். பட்டியலை எழுதியவர்கள் ஜெர்மன் பேசியவர்கள், கேட்டதும் ஜெர்மன் சொல்லைச் சொல்லித்தான். 'நாபெ' என்று கேட்டதற்குப் பக்கத்தில் ஒலிக்கும் நபிஸ் விடையாக வந்திருக்க வாய்ப்பு இல்லாமல் இல்லை.

ஆகவே பெரிய கேள்வி: மூலமொழி பேசியவர்களே குடத்தைத் தொப்புள் என்றார்களா, அல்லது இந்தியப் பக்கமும் ஜெர்மானியப் பக்கமும் தனித்தனியே ஒரே உவமையைப் பிடித்தார்களா? இந்தோ-ஐரோப்பியர்கள் சக்கரம் வந்த பிறகுதான் பிரிந்தார்கள் என்று காட்ட, வண்டிச் சொற்களை வரிசையாக நிறுத்துவது வழக்கம். ஆங்கில 'வீல்', சம்ஸ்கிருத 'சக்ர' ஒரு ஜோடி. ஜெர்மன் 'ஆக்ஸெ', சம்ஸ்கிருத 'அக்ஷ' இன்னொரு ஜோடி. (சக்கரமும் அச்சும் தமிழுக்கு வந்தது இந்த இந்தியக் கிளையிலிருந்துதான். நாபியும் வந்தது, ஆனால் பெரும்பாலும் தொப்புளாகத்தான். சக்கரத்துக்கு நம்மிடம் குடம் இருந்ததால் அது தேவைப்படவில்லை.) அந்த வரிசையில் நாபி, நபோ ஜோடியைச் சிலர் சேர்க்காமல் ஓரமாக வைப்பார்கள். காரணம் நான் மேலே சொன்னதுதான்: சொல் பழையது என்பது நிச்சயம், பொருள் பழையது என்பது அவ்வளவு நிச்சயமில்லை. வட்டத்தின் நடுவில் ஒரு துளையைப் பார்த்தால் யாருக்கும் தொப்புள் ஞாபகம் வரலாம்.

இருந்தாலும் எல்லாருக்கும் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ரோமானியர்கள் குடத்தை 'மோதியோலுஸ்' என்றார்கள்; தானியம் அளக்கும் 'மோதியுஸ்' என்ற படியின் சிறு வடிவம் அது. கிரேக்கரிடமும் படியின் பெயரிலிருந்து வந்த 'கொய்னிகிஸ்' என்ற சொல் உண்டு. தமிழர் குடம் என்றோம். ஆக, பாத்திரமாகப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், வயிறாகப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். ரோமானியர், கிரேக்கர் இருவரிடமும் தொப்புளுக்கு அதே பழைய சொல் கையில் இருந்தும் சக்கரத்துக்கு அதைப் பயன்படுத்தவில்லை. உவமை அவ்வளவு தானாக வந்து விழுவது இல்லை போலிருக்கிறது.

சக்கரங்களைப் பார்த்தால் இந்த இடம் இன்னும் தெளிவாகும். ஸ்லோவேனியாவின் லூப்லியானா சதுப்பில் 2002இல் ஒரு சக்கரமும் அச்சும் கிடைத்தன. 5,100 முதல் 5,350 ஆண்டு பழமை. சக்கரம் ஆஷ் மரம், அச்சு ஓக். நடுத்துளை சதுரம். அச்சு அதில் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டு, சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும். அதில் நாம் சொல்லும் அர்த்தத்தில் குடமே கிடையாது. ஆனால் நெதர்லாந்துப் பக்கத்துச் சதுப்புகளில் கிடைத்த, கி.மு. மூன்றாம் ஆயிரத்தைச் சேர்ந்த வட்டுச் சக்கரங்கள் வேறு வகை. ஒரே ஓக் பலகை. நடுவில் மட்டும் மரத்தைச் செதுக்காமல் இரண்டு பக்கமும் புடைப்பாக விட்டு, அதில் வட்டத் துளை. அச்சு நிலையாக நிற்க, சக்கரம் அதன்மேல் சுற்றும். ஆரக்கால் இல்லாத தட்டையான மரவட்டம், நடுவில் மேடு, மேட்டில் குழி. அதைப் பார்த்த எவருக்கும் வயிறும் தொப்புளும்தான் நினைவுக்கு வந்திருக்கும். ஆரக்கால் வைத்த சக்கரத்தைப் பார்த்து வந்த உவமை இல்லை இது, அதற்கும் முந்தைய கட்டைச் சக்கரத்தைப் பார்த்து வந்தது என்பது என் ஊகம். அது சரியென்றால், உவமை பிறந்தது ஆரச் சக்கரத் தேர் தோன்றிய கி.மு. 2000க்கு முன்னால். ஜெர்மானியருக்கும் இந்தியப் பக்கத்தாருக்கும் அது ஒரே முதுசொமாக வந்திருக்கக் கூடும். நான் சாய்வது அந்தப் பக்கம்தான். ஆனால் இந்தோ-ஐரோப்பியர் எப்போது பிரிந்தார்கள் என்ற வழக்கில் இதை முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அச்சும் சக்கரமும் அதைவிடத் திடமான சாட்சிகள்.

நபோ என்ற சொல் புழங்கிய காலத்துக் குடம் எப்படி இருந்தது என்பதையும் ஓரளவு பார்க்க முடிகிறது. டென்மார்க்கில் தெய்பியெர்க் என்ற ஊரின் கரிச்சதுப்பில் 1881இலும் 1883இலும் இரண்டு அலங்கார வண்டிகள் கிடைத்தன. கிறிஸ்துவுக்குச் சற்று முந்தைய காலத்தவை. குடத்தின் உட்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் இருந்தன, அவற்றில் சிறு மரக்குச்சிகள் வைத்திருந்தார்கள் என்று எழுதுகிறார்கள். உருளைத் தாங்கியின் (ரோலர் பேரிங்) முன்னோடி அது என்று படிப்பவர்களும் உண்டு. வேலைப்பாட்டைப் பார்த்தால் கெல்டியர் கைவண்ணம் என்று சொல்கிறவர்கள் அதிகம். ஆனால் அதை ஓட்டி, கடைசியில் சதுப்பில் காணிக்கையாகப் போட்டவர்கள் அந்தக் குடத்தை நபோ என்றே சொல்லியிருப்பார்கள்.

இந்தச் சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் இவை கலந்து கட்டி வருகின்றன. தேவாலயத்தின் நடுக்கூடத்தை ஆங்கிலத்தில் 'நேவ்' என்பார்கள். சக்கரக் குடத்துக்கும் 'நேவ்' என்ற சொல் உண்டு. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, உறவு கிடையாது. முதலாவது கப்பலைக் குறிக்கும் லத்தீன் 'நாவிஸ்' வழி வந்தது. அதேபோல ஜெர்மனில் 'நாபெல்' தொப்புள், 'நேபெல்' மூடுபனி. பின்னது மேகத்தைக் குறிக்கும் வேறொரு வேர். அதன் உறவு சம்ஸ்கிருத 'நபஸ்', லத்தீன் 'நெபுலா'. ஒலி பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். போட வேண்டாம்.

கடைசியாக, ஹப். ஆங்கிலேயர் நபோவைத் தொலைக்கவில்லை. 'நஃபு' ஒழுங்காக வளர்ந்து 'நேவ்' ஆயிற்று, நூற்றாண்டுகளாக வண்டித் தச்சர்கள் அதைத்தான் சொன்னார்கள். எல்ம் மரத்தில் நேவ், ஓக்கில் ஆரக்கால், ஆஷில் வட்டை என்பது அவர்கள் கைவழக்கம். எல்மின் நார்கள் பின்னிக்கிடப்பதால் அத்தனை குழி எடுத்தும் பிளக்காது. 'ஹப்' என்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கும் பட்டறைச் சொல். அடுப்பின் பக்கத்திட்டைக் குறிக்கும் 'ஹாப்' என்ற சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அதற்குமேல் பூர்வீகம் தெளிவாக இல்லை. 19ஆம் நூற்றாண்டு வரை பட்டறைக்கு வெளியே அதற்கு மரியாதை கிடையாது. 1858இல் அமெரிக்க எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பாஸ்டனில் உள்ள மாநிலச் சட்டமன்ற மாளிகையைச் சூரிய மண்டலத்தின் ஹப் என்று கேலியாக எழுத, பாஸ்டன்காரர்கள் அதைப் பட்டமாகவே சூட்டிக்கொண்டார்கள். ஆனால் நேவை உண்மையில் வீட்டுக்கு அனுப்பியது சைக்கிள். மரவண்டி போய் சைக்கிள் வந்தபோது, பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் ஹப் என்றே விற்றார்கள், வாங்கியவர்களும் அப்படியே சொன்னார்கள். ஜெர்மனியில் அந்த மாற்றம் நடக்கவில்லை. அங்கே சைக்கிள் கடையில் முன்சக்கரத்துக்குள் வைக்கும் டைனமோவைக் கேட்டால் இன்றும் 'நாபென்டைனமோ' என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள்.